தன்முன்னேற்றமும் விடுதலையும்: அமெரிக்கக் கனவும் மலையக நனவும்

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும், 1870களில் அதே திசையில் இடப்பட்ட புகையிரதப் பாதையும் கெலிஓயாவைத் தொட்டுச் செல்கின்றன. மகாவலிக்கு அண்மித்த இச்சிறுநகரில் மூவினத்தாரும் கலந்து வாழ்கின்றனர். சற்றே மேலேறினால் தேயிலை மலைகள். இத்தகைய மலைநாட்டுச் சிறுநகரங்களின் புத்தகக் கடைகளில், அப்பியாசக் கொப்பிகளுக்கும் பரீட்சை வழிகாட்டிகளுக்கும் பக்கத்தில், தவறாது காணப்படும் நூல்வகை ஒன்று உண்டு. வெற்றியின் இரகசியம், எண்ணத்தின் வலிமை, செல்வந்தராகும் வழி என்று அவை பேசும். அவற்றுட் பெரும்பாலானவை நேராகவோ சுற்றிவளைத்தோ அமெரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றின் சாரம் ஒரே வாக்கியத்துள் அடங்கும்: ‘உன் நிலைக்கு நீயே பொறுப்பு, நீ மாறினால் உன் உலகம் மாறும்.’

பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும் தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளிலும் இதே வாக்கியந்தான் தோட்டத்துப் பிள்ளைகளின் முன்னிலையில் ஓதப்படுகின்றது. ஓதுவோர் நல்லெண்ணத்துடனேயே ஓதுகின்றனர். ஆயின் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் காரணத்தால் ஒரு பொய் மெய்யாகிவிடாது. மூவாயிரம் அடிக்கு மேலுள்ள மலைச்சரிவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நாளும் விடியுமுன் எழுந்து உழைத்து வந்த ஒரு சமூகத்தை நோக்கி ‘முயன்றால் முன்னேறலாம்’ என்று கூறுவதன் பொருள் யாது? அச்சமூகம் இதுகாறும் முயலவில்லை என்பதுதானே? இவ்வினாவை எழுப்பாது அமெரிக்கத் தத்துவத்தைத் தமிழில் பெயர்ப்பது, அறிவுப் பணியாகாது, அவமதிப்பாகும்.

1

தன்முன்னேற்றம் என்னும் கருத்து அமெரிக்காவில் தோன்றிய வரலாற்றை முதலில் நோக்குதல் தகும். மெழுகுவர்த்தி செய்வோன் ஒருவனின் மகனாகப் பிறந்து, அச்சகத் தொழிலாளியாகி, பின்னர் விஞ்ஞானியாகவும் இராசதந்திரியாகவும் உயர்ந்த பெஞ்சமின் பிராங்கிளின், தமது சுயசரிதையில் பதின்மூன்று நற்பண்புகளைப் பட்டியலிட்டு, நாடோறும் தம் குறைகளைக் கறுப்புப் புள்ளிகளாகக் குறித்துவந்ததைக் கூறுகின்றார். 1841இல் எமெர்சன் எழுதிய ‘தன்னம்பிக்கை’ பற்றிய கட்டுரை, பழமைக்கும் கூட்டத்தின் கருத்துக்கும் அடிபணியாத தனிமனிதனைக் கொண்டாடியது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த ஐரோப்பியப் பிரபுத்துவத்துக்கு எதிராக எழுந்த இக்குரல் ஒரு முற்போக்குக் குரலே என்பதில் ஐயமில்லை. சாதியால் மனிதனை அளந்த தமிழ்ச் சமூகத்தின் செவிக்கு அது இனிமையாக ஒலித்ததிலும் வியப்பில்லை.

ஆனால் இக்குரல் யாருக்காக எழுந்தது என்பதே கேள்வி. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தார். பிராங்கிளினும் நெடுங்காலம் அடிமைகளை வைத்திருந்து, முதுமையிலேதான் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். சுதந்திரம் என்ற சொல்லும் அடிமைத்தளை என்ற பொருளும் ஒரே வீட்டில் ஒருங்கே குடியிருந்தன.

அடுத்து, அமெரிக்க வெள்ளைக் குடியானவன் எதைக்கொண்டு ‘தன்னால் தானே’ உயர்ந்தான்? 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடிநிலச் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிடும் ஒருவனுக்குச் சிறு பதிவுக் கட்டணத்துடன் 160 ஏக்கர் வரை நிலம் வழங்கியது. அச்சட்டத்தின் கீழ்க் காலப்போக்கில் ஏறத்தாழ 27 கோடி ஏக்கர் நிலம் கைமாறியது. அது செவ்விந்தியப் பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் என்பதையும் மறக்கலாகாது. அதே ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கி விவசாய, தொழில்நுட்பக் கல்லூரிகள் எழ வழிசெய்தது. நிலத்தையும் கல்வியையும் அரசே கொடுத்தது. கொடுத்ததை மறந்துவிட்டுத் ‘தானே உயர்ந்தவன்’ என்ற புகழை மட்டும் தனிமனிதன் சூடிக்கொண்டான். மாறாக, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடியேற்றத்துக்கென 1865 ஜனவரியில் தளபதி ஷேர்மனின் ஆணை ஒதுக்கிய, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரையிலான நிலம், அதே ஆண்டிலேயே ஜனாதிபதி அன்ட்ரூ ஜோன்சனால் மீட்டெடுக்கப்பட்டது. ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்கு நிலமின்மை. பின்னர் இருவரையும் ஒரே ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தி, பின்தங்கியவனைச் சோம்பேறி என்றனர்.

2

இலங்கை மலைநாட்டின் கதை இதற்கு வேறன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உறுதி காட்டமுடியாத காடும் தரிசும் அரசுக்கே உரியவை என்று கொண்டது. ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலையில் மலைக்காடுகள் கோப்பித் துரைமாருக்கும், அரசாங்க உயர் அலுவலருக்கும் விற்கப்பட்டன. கண்டிச் சிங்களக் குடியானவன் தன் சேனை நிலத்தை இழந்தான். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்டவர்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, வழியில் மாண்டவர் போக எஞ்சியோர் அந்நிலத்தைத் திருத்தினர்.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், பதினேழு வயதளவில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து தன்முயற்சியால் ஒரு தொழிலையே உருவாக்கியவர் என்று போற்றப்படுகின்றார். அவர் உழைப்பாளி என்பதை எவரும் மறுக்கார். எனினும் அந்தப் 19 ஏக்கரில் காடு வெட்டியவர், கல் பொறுக்கியவர், கான் வெட்டியவர், கன்று நட்டவர் யாவர்? அவர்களுடைய பெயர் எந்தத் தன்முன்னேற்ற நூலிலும் இல்லை. உழைப்பே உயர்வு தருமெனின், டெயிலரின் பெயர் இருக்குமிடத்தில் அவர்களின் பெயரும் இருந்திருக்க வேண்டும்.

அம்மக்களுக்குக் கிடைத்த ‘சுதந்திரம்’ எத்தகையது? ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டம் போக விரும்பிய தொழிலாளி, தன் கடன் தொகை எழுதப்பட்ட ‘துண்டு’ இன்றி நகர முடியாது. கடனை ஏற்கும் புதிய கங்காணியிடமே அவன் ஒப்படைக்கப்பட்டான். இத்துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. எமெர்சன் தன்னம்பிக்கையைப் பாடி எண்பது ஆண்டுகள் கழிந்தும், உழைப்பாளி ஒருவன் தன் கால்கள் விரும்பிய திசையில் நடக்க மலைநாட்டில் உரிமையற்றிருந்தான்.

துண்டு போயிற்று, ‘பேர்’ நிலைத்தது. நிர்ணயிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து எடுக்காத பெண்ணின் நாள் ‘அரைப்பேர்’ ஆகின்றது. அந்நிறையை நிர்ணயிப்பவள் அவள் அல்லள். மழையையும் மருந்தடிப்பையும் தேயிலைச் செடியின் முதுமையையும் அவள் தன் ‘மனோபாவத்தை’ மாற்றி மாற்றிவிட முடியாது. நேர்மறை எண்ணம் என்னும் மருந்தை இவளுக்குக் கொடுப்போர், முதலில் ஒரு நாள் தராசருகே நின்று பார்த்தல் நன்று.

நிலத்தைப் பற்றிய கணக்கு ஒன்று ஈண்டுக் கூறத்தக்கது. 2015இன் பின்னர் அமைந்த தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணி என்பது பெருஞ் சாதனையாகப் பேசப்பட்டது. லயத்தோடு ஒப்பிடுமிடத்து அது ஒரு முன்னேற்றமே. ஓர் ஏக்கர் 160 பேர்ச் கொண்டது. அமெரிக்கக் குடியானவன் ஒருவன் பெற்ற 160 ஏக்கர் 25,600 பேர்ச் ஆகும். அவன் ஒருவன் நின்ற நிலத்தில், 7 பேர்ச் வீதம் 3,657 மலையகக் குடும்பங்களை நிறுத்தலாம். அவனுடைய தத்துவத்தை மட்டும் முழுமையாக இறக்குமதி செய்து, அத்தத்துவம் வேரூன்றிய நிலத்தைக் கப்பலேற்ற மறந்தவர்கள், இந்தக் கணக்கிற்கு விடை கூறவேண்டும்.

3

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ‘சூழ்நிலையையே குறைகூறிக் கொண்டிருந்தால் எவரும் முன்னேற முடியாது. தலைவிதி என்று சோர்ந்திருந்த மக்களுக்குத் தன்னம்பிக்கை நூல்கள் துணிவு தந்தன. லயத்தில் பிறந்தவர்கள் இன்று பேராதனையிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் கற்கவில்லையா? கற்பிக்கவில்லையா?’ இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தொண்டியைச் சேர்ந்த எம். ஆர். எம். அப்துற் றஹீமின் வாழ்வியல் நூல்களையும், அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ முதலான நூல்களையும் படித்து ஊக்கம் பெற்ற இளைஞர் பலர். உதயமூர்த்தி 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கியமை, தனிமனித முன்னேற்றம் மட்டும் போதாது என்பதை அவரே உணர்ந்தார் என்பதற்குச் சான்றெனலாம்.

தலைவிதிக் கோட்பாட்டை உடைத்தது தன்முன்னேற்றக் கோட்பாட்டின் பெருமை. அதன் சிறுமை யாதெனின், உடைத்த இடத்திலேயே தன்னை ஒரு புதிய விதியாக நாட்டிக்கொண்டமையாம். பழைய கோட்பாடு, ‘முற்பிறப்பில் நீ செய்த வினை உன்னை வறியவனாக்கிற்று’ என்றது. புதிய கோட்பாடு, ‘இப்பிறப்பில் நீ செய்யத் தவறிய முயற்சி உன்னை வறியவனாக்கிற்று’ என்கின்றது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் இரண்டிலும் ஒருவனே. கூலியை நிர்ணயித்தவனும், நிலத்தைப் பறித்தவனும், சட்டம் இயற்றியவனும் இரண்டிலும் சாட்சிக்குக்கூட அழைக்கப்படுவதில்லை. பழைய விதிக்கு முன்னால் ஏழைக்கு ஓர் ஆறுதலாவது இருந்தது. தன்னை வெறுக்கும்படி அது அவனை ஏவவில்லை. புதிய விதி அந்த ஆறுதலையும் பறித்து, தோல்வியோடு வெட்கத்தையும் அவன் தலையில் ஏற்றிவிடுகின்றது.

பல்கலைக்கழகம் புகுந்த தோட்டத்துப் பிள்ளையின் சான்றும் எதிர்வாதத்துக்குத் துணைநிற்கவில்லை. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அவை பெரும்பாலும் ஓராசிரியருடன் ஆரம்ப வகுப்புகள் சிலவற்றோடு நின்றன. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த வாக்குரிமைத் திருத்தமும் அம்மக்களின் வாக்கைப் பறித்தன. கவிஞராகவும் ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1952இல் அவரைத் தெரிந்தெடுத்த மக்கட்கே வாக்கில்லை. தோட்டத்தில் பிறந்து ஆங்கிலத்தில் கவிதை எழுதுமளவுக்குத் தன்னை வளர்த்துக்கொண்ட ஒருவரின் தன்முன்னேற்றம், ஒரு சட்டத்தின் முன் அவருடைய மக்களைக் காக்கவில்லை.

வாக்கில்லாத மக்களின் பாடசாலையை எந்த அரசியல்வாதி நாடுவான்? அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களிலேதான். 1964 ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாக இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களுடனேயே நாடற்றவர் என்ற நிலை நீங்கியது. பிரசாவுரிமையும் வாக்கும் திரும்பிய பின்னரே கட்டடங்களும் ஆசிரியர்களும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற நிறுவனங்களும் வந்தன. அதன் பின்னரே பல்கலைக்கழகம் புகுவோர் தொகையும் பெருகியது. 1950இன் பிள்ளை 1990இன் பிள்ளையிலும் பார்க்கச் சோம்பேறியாகப் பிறக்கவில்லை. இடையில் மாறியது பிள்ளையின் மனம் அன்று, அரசின் சட்டம்.

4

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிந்தனை வரலாறு இவ்விவாதத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே நடத்தி முடித்திருக்கின்றது. மலையகத்துக்குப் பொருந்தும் அமெரிக்கா அதுவே. அடிமையாகப் பிறந்த பிரெடெரிக் டக்ளஸ் எழுத்தறிவு பெறத் தொடங்கியதும், அவருக்கு அதனைக் கற்பித்த எசமானியைக் கணவன் தடுத்தான். படித்தவன் அடிமையாக இருக்க மாட்டான் என்று அவன் அறிந்திருந்தான். டக்ளஸ் படித்தார், படித்ததனாலேயே தம் நிலையைச் சகிக்கமுடியாது 1838இல் தப்பியோடினார். பின்னாளில் அவர் பல்லாண்டுகள் நிகழ்த்திய ‘தன்னால் உயர்ந்த மனிதர்’ என்னும் சொற்பொழிவு, உழைப்பைப் போற்றுவது. ஆயினும் பிறரது துணையின்றி முற்றும் தன்னாலேயே ஆன மனிதர் எவருமிலர் என்பதை அதன் தொடக்கத்திலேயே அவர் ஒப்புக்கொண்டார். தம் இனத்தாருக்கு நேர்மையான வாய்ப்பு வேண்டுமென்றும் அதிலே வாதிட்டார்.

அவருக்குப் பின்வந்த புக்கர் டீ. வாஷிங்டன், 1881இல் டஸ்கிகீ நிறுவனத்தைத் தலைமையேற்று வளர்த்தவர். கறுப்பின மக்கள் அரசியல் உரிமைகளுக்காக அவசரப்படாது, கைத்தொழில் கற்று, சிக்கனமாக வாழ்ந்து, முதலில் தம்மை உயர்த்திக்கொள்ள வேண்டும் என்று 1895இல் அட்லாண்டாவில் உரைத்தார். வெள்ளை முதலாளிகள் கைதட்டினர். அடுத்த ஆண்டிலேயே அந்நாட்டு உயர் நீதிமன்றம் இனப் பிரிவினையைச் சட்டபூர்வமாக்கியது. தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பினத்தாரின் வாக்கைப் பறித்தன. 1903இல் டூபோய்ஸ் தம் நூலில் இதற்கு விடையிறுத்தார். வாக்கும் குடியியற் சமத்துவமும் உயர்கல்வியும் இன்றிப் பெறும் முன்னேற்றம் நிலைக்காது என்பதே அவர் வாதம். வரலாறு டூபோய்சின் பக்கம் நின்றது. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய பேரணியின் பெயரே ‘தொழிலுக்கும் விடுதலைக்குமான’ பேரணி என்பதாகும். இரண்டையும் இணைத்த அந்தப் பெயரில், தன்முன்னேற்ற நூல்கள் பிரித்துவைத்த அனைத்தும் ஒன்றுசேர்கின்றன.

வெள்ளைத் தொழிலாளருக்கும் இதுவே நிகழ்ந்தது. எண்ணினாலே செல்வந்தராகலாம் என்று நெப்போலியன் ஹில்லின் நூல் 1937இல் வெளிவந்தபோது, பெருமந்தத்தால் இலட்சோபலட்சம் அமெரிக்கர் வேலையிழந்திருந்தனர். அவர்கள் எண்ணத் தவறியதால் ஆலைகள் மூடப்படவில்லை. 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும், தொழிற்சங்க உரிமையை உறுதிசெய்த சட்டமும் அவர்களுக்குச் செய்த உதவியை எந்த வெற்றி நூலும் செய்யவில்லை.

5

தமிழ் மண்ணிலும் ‘தான்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் கண்டவர்கள் இருந்தனர். 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம், தாழ்த்தப்பட்டவன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று உபதேசித்து அமையவில்லை. அவனைத் தாழ்த்திய அமைப்பைத் தாக்கியது. தன்மானம் என்பது தன்முன்னேற்றத்தினும் உயர்ந்த சொல்லாவது இதனாலேயே.

கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பை, தம்மளவில் சட்டத்தரணியாக உயர்ந்தவர். அவ்வுயர்வோடு அவர் அமையவில்லை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் பாடசாலைகள் நிறுவ உழைத்தார். கோ. நடேசய்யர் பத்திரிகையாளராக வசதியோடு வாழ்ந்திருக்கக் கூடியவர். துரைமாரின் தடையை மீறித் தோட்டங்களுக்குள் புகுந்து 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாலே தொழிலாளரை விழிப்பித்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான கோவிந்தன் எந்த வெற்றி நூலின் அளவுகோலிலும் தோற்றவரே. அவர்போன்றோர் தோற்றதனால்தான் பின்வந்தோர்க்குச் சங்கம் சேரும் உரிமை கிட்டியது. ஏணியின் படிகள் தனியே ஏறினவரால் ஆக்கப்பட்டவை அல்ல.

ஆகவே முயற்சி வேண்டா என்பதோ, கல்வியைக் கைவிடுக என்பதோ முடிவன்று. கற்றல் வேண்டும், ஒழுக்கம் வேண்டும், சிக்கனமும் வேண்டும். மதுவுக்கும் கடனுக்கும் உழைப்பைப் பறிகொடுக்கும் வழக்கத்தைக் கண்டிக்கவும் வேண்டும். ஆயின் கற்றவனிடம் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: அவன் பெற்ற கல்வி, லயத்தைவிட்டு ஓடும் வழியை மட்டும் காட்டியதா, லயத்தையே இல்லாதொழிக்கும் வழியைக் காட்டியதா? முன்னதை மட்டும் காட்டிய கல்வி, தோட்டத்தில் எஞ்சியோரைப் பார்த்து ‘அவர்கள் முயலவில்லை’ என்று சொல்லும் ஒரு புதிய கங்காணியையே உருவாக்கும். பல்கலைக்கழக மாணவரும் விரிவுரையாளரும் பிறரைக் கேட்குமுன் தம்மைக் கேட்கவேண்டிய கேள்வி இது.

கெலிஓயாவின் புத்தகக் கடைத் தட்டுகளில் வெற்றி நூல்கள் இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றருகே 1845இல் டக்ளஸ் எழுதிய தன் வரலாறும், சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துகளும் தமிழில் இருத்தல் வேண்டும். மலையிறங்கி வரும் மாணவி ஒருத்தி இரண்டையும் கையிலெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ‘நான் ஏன் உயரவில்லை?’ என்று மட்டும் கேட்கப் பழக்கப்பட்ட அவள், ‘என் தாய் நாற்பதாண்டு உழைத்தும் ஏன் உயரவில்லை?’ என்று அன்று கேட்பாள். அவளுடைய தன்முன்னேற்றம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கும்.